எட்டு விநாடி

"சார், நான் பொட்டி முன்னாடிதான் நிக்கிறேனுங்க. பச்சை லைட்டு எரியுது. உங்க ஸ்கிரீன்ல செத்துப்போச்சுன்னு காட்டுது. நான் எதைங்க நம்பறது?"

ஒரு ஜூலை மாதம், வால்பாறையிலிருந்து வந்த அழைப்பு. பேசியவர் எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்த டெக்னீஷியன். வீடு பொள்ளாச்சி. மலைக்கிளையின் ரவுட்டர் சிவப்பில் வந்தால் அவர் பெயருக்கு ஒரு டிக்கெட் விழும். பைக்கை எடுத்துக்கொண்டு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். அன்று நல்ல மழை. அறுபது கிலோமீட்டருக்கு மேல் நனைந்துகொண்டே போய் நின்றால், பெட்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கோயமுத்தூரில் ஏசி அறையில் இருந்தேன். "மழைல லிங்க் விட்டு விட்டு வருதுண்ணா, அதான்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக நான் எழுதும் பதில். பதில் ஒருவர் கையிலிருந்து வராதபோது அவரைப் பற்றி என்ன முடிவு எடுக்கலாம்? எவ்வளவு நேரம் காத்திருந்த பிறகு எடுக்கலாம்? தப்பாக எடுத்தால் அதன் விலையை யார் கொடுப்பது?

1

கதை ஒரு பைத்தான் நிரலில் ஆரம்பிக்கிறது. எங்களிடம் 412 சாதனங்கள் இருந்தன, பெரும்பாலும் ரவுட்டர்களும் சுவிட்சுகளும். ஒவ்வொன்றிலும் நெட்மிகோ என்ற நூலகத்தின் மூலம் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து, இரண்டு மூன்று கட்டளை கொடுத்து, வரும் விடையை எழுதி வைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருந்த நிரல். எளிமையான ஃபார் லூப். முதல் சாதனத்தைக் கேள், பதில் வரும்வரை காத்திரு, அடுத்ததுக்குப் போ. ரேஷன் கடை வரிசை மாதிரி.

ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடம் ஆனது. அதனால் மணிக்கு ஒருமுறைதான் ஓட்டினார்கள்.

இதை வேகமாக்கும் வேலை என்னிடம் வந்தது. நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தேன். ஃபைபரில் இணைந்த 380 சாதனங்கள் ஆளுக்கு மூன்று விநாடி, மொத்தம் 19 நிமிடம். விசாட் வழியாக, அதாவது செயற்கைக்கோள் மூலம் இணைந்த 21 மலைக்கிளைகள் ஆளுக்குப் பத்து விநாடி, மொத்தம் மூன்றரை நிமிடம். மீதி 11 சாதனங்கள் உண்மையிலேயே அணைந்து கிடந்தவை. மூடிவிட்ட கிளைகள், பழுதுக்குப் போனவை. அவற்றுக்கு முப்பது விநாடி காத்திருந்து, வராததால் மறுபடி கேட்டு, மறுபடியும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம். அந்தப் பதினொன்று மட்டும் பதினாறு நிமிடத்தைத் தின்றன. உயிரோடு இருந்த 401 பேரும், இல்லாத 11 பேருக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் என் சர்வரின் ப்ராசசர் கிட்டத்தட்ட சும்மாவே இருந்தது. நிரல் எதையும் கணக்குப் போடவில்லை. காத்திருந்தது, அவ்வளவுதான்.

பைத்தானில் த்ரெட் போட்டுப் பிரயோசனமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஜில் என்ற பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் பைத்தான் குறியீட்டை ஓட்டவிடும். கணக்குப் போடும் வேலைக்கு அது சரி. காத்திருக்கும் வேலைக்குப் பொருந்தாது. நெட்வொர்க்கிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கும் த்ரெட் பூட்டை விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஒருவன் காத்திருக்கும்போது மற்றவன் கேட்கலாம். ஒரே நேரத்தில் நாற்பது பேர் காத்திருக்கலாம்.

நாற்பது த்ரெட் போட்டேன். நாற்பது நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அன்று மதியம் கேன்டீனில் இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. முக்கால்வாசி வேலை முதல் அரை நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்பிறகு திரையில் எதுவும் நகராமல், அந்தப் பதினொன்றுக்காக மட்டும் நிரல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லாரையும் ஒரே நேரத்தில் கேட்டால், மொத்த நேரம் என்பது கடைசியாக வருகிறவனின் நேரம்தான். இன்னும் வேகம் வேண்டுமென்றால் ஒரே வழி, கடைசியாக வருகிறவனுக்காகக் காத்திருப்பதைக் குறைப்பது.

இரவு பதினொரு மணி இருக்கும். வரைபடத்தைப் பார்த்தேன். ஃபைபர் சாதனங்கள் எல்லாம் நான்கு விநாடிக்குள் முடிகின்றன. விசாட் கிளைகள் வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏழு விநாடி. சாதனத்துக்கு மொத்தமே எட்டு விநாடி, மறுமுயற்சி கிடையாது என்று எழுதினேன். அதற்குள் வந்தால் 'இயங்குகிறது'. வராவிட்டால் 'இயங்கவில்லை'. ஓட்டிப் பார்த்தேன். நாற்பது விநாடிக்குள் முடிந்தது.

நாற்பது நிமிடம் நாற்பது விநாடியானது. அறுபது மடங்கு. அடுத்த நாள் மீட்டிங்கில் கைதட்டினார்கள். அந்த எட்டை எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

2

விசாட் கிளைகள் ஏன் ஏழு விநாடி எடுத்துக்கொள்கின்றன? சோம்பல் இல்லை, பழுதும் இல்லை. தூரம்.

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. நான் கேட்கும் கேள்வி கீழிருந்து மேலே போய்க் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர். பதில் திரும்பி வர இன்னொரு 72,000. ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை விநாடி. இது இயற்பியல் விதித்த குறைந்தபட்சம். இடையிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் நடைமுறையில் இன்னும் கூடும்.

அரை விநாடிதானே என்று தோன்றும். ஆனால் எஸ்எஸ்ஹெச் என்பது ஒரு கேள்வி ஒரு பதிலோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. முதலில் இணைப்பு. பிறகு நீ யார், என்ன பதிப்பு என்று விசாரிப்பு. பிறகு சாவிப் பரிமாற்றம். பிறகு கடவுச்சொல். பிறகு ஷெல் கேட்பது. முதல் கட்டளையைக் கொடுப்பதற்கு முன்பே ஏறக்குறைய பத்து முறை போய் வரவேண்டியிருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தவுடன் கல்யாணத் தேதி கேட்க முடியாது, தண்ணி வாங்கிக் குடித்து, ஊர்ப்பயணம் விசாரித்து, பிறகுதான் பேச்சு என்பதைப் போல. பக்கத்துத் தெருக்காரனுக்கு இந்த மரியாதையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தூரத்துக்காரனுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் பயணச்செலவு உண்டு.

மழை பெய்தால் சிக்னல் மேகத்தில் கரைகிறது. பாக்கெட்டுகள் தொலைகின்றன, மறுபடி அனுப்பப்படுகின்றன. ஏழு விநாடி பத்தாகும், பன்னிரண்டாகும். வால்பாறையில் ஜூனில் ஆரம்பிக்கும் மழை எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

ஆக, நான் எழுதிய எட்டு விநாடி என்பது உண்மையில் என்ன? தெளிந்த வானத்தின் கீழ் இருப்பவர்கள் மட்டுமே உயிரோடு இருக்கிறார்கள் என்ற ஒரு சட்டம். அதை எழுதும்போது நான் சட்டம் இயற்றுவதாக நினைக்கவில்லை. பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங் செய்வதாக நினைத்தேன்.

3

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "சரிப்பா, எட்டு குறைச்சல்தான். இருபது போட்டிருக்கலாம். கணக்கில் ஒரு பிழை, திருத்திவிட்டுப் போ. இதில் அறம் எங்கே வந்தது?"

சரியான எண் என்று ஒன்று இருந்தால் இந்தக் கேள்வி நியாயம். ஆனால் அப்படி ஒன்று கிடையாது. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் வெளியிட்ட புகழ்பெற்ற நிரூபணம் ஒன்று உண்டு. செய்தி எவ்வளவு தாமதமாகவும் வரலாம் என்றிருக்கும் ஒரு வலையமைப்பில், ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலே போதும், எல்லாக் கணினிகளும் கட்டாயம் ஒருமித்த முடிவுக்கு வந்துவிடும் என்று உறுதிதரும் நிர்ணயமான வழிமுறை எதுவும் சாத்தியமில்லை. நிரூபணம் நுட்பமானது. ஆனால் அதன் அடியில் இருக்கும் சங்கடம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தாமதமாக வருகிறவனையும் வரவே போகாதவனையும் இங்கே உட்கார்ந்துகொண்டு பிரித்தறிய முடியாது.

இருபது விநாடி வைத்தால் இருபத்தொன்றில் ஒருவன் வருவான். முப்பது வைத்தால் முப்பத்தொன்றில். எந்த எண்ணை வைத்தாலும் இரண்டு வகைத் தவறு நடக்கும். உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்போம், அல்லது செத்தவனுக்காக எல்லாரையும் காக்கவைப்போம். எண்ணைக் குறைத்தால் முதல் தவறு கூடும். கூட்டினால் இரண்டாவது. இரண்டையும் ஒருசேர ஒழிக்க முடியாது.

அப்படியென்றால் அந்த எண் யார் தவறின் சுமையைத் தாங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது தவறு நடந்தால் என் ரிப்போர்ட் ஒன்றரை நிமிடம் தாமதமாகும். முதல் தவறு நடந்தால் ஒருவர் மழையில் மலையேற வேண்டும். இரண்டையும் தராசில் வைத்து, பின்னது பரவாயில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். முடிவெடுத்தேன் என்பதுகூடத் தெரியாமல்.

4

நம் மரபில் தர்க்கவாதிகள் இந்த இடத்தில் நிறையவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லாததை எப்படி அறிவது என்பது அவர்களுடைய பழைய கேள்வி. தரையில் பானை இல்லை என்று எனக்கு எப்படித் தெரிகிறது? கண் தரையைத்தான் பார்க்கிறது. 'இல்லை' என்பதைக் கண் பார்ப்பதில்லை. மீமாம்சகர்களில் குமாரில பட்டரின் வழி வந்தவர்கள் இதற்குத் தனியாக ஒரு பிரமாணம் வைத்தார்கள், அனுபலப்தி என்று. காணப்படாமையே ஓர் அறிவு வழி. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வரும் அளவைகளின் பட்டியலிலும் அபாவம் என்ற பெயரில் இது இருக்கிறது.

ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள். அந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியம். காணப்படாமை எல்லாமே சான்று ஆகாது. இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்ற நிலையில் காணாமல் போனால்தான் அது சான்று. நல்ல வெளிச்சம் இருக்கவேண்டும், கண் நன்றாக இருக்கவேண்டும், தரை மறைந்திருக்கக்கூடாது. இதையெல்லாம் உறுதிசெய்த பிறகு 'பானை இல்லை' என்று சொல்லலாம். இருட்டறையில் நின்றுகொண்டு, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆகவே பானை இல்லை என்று சொல்பவனை அவர்கள் ஏற்கமாட்டார்கள்.

ஃபைபரில் இருக்கும் ஒரு கிளை எட்டு விநாடியில் பதில் சொல்லவில்லை என்றால் அது வெளிச்சத்தில் பானையைக் காணாதது. மூன்று விநாடியில் வரவேண்டியவன் எட்டு ஆகியும் வரவில்லை, ஏதோ ஆகிவிட்டது. விசாட்டில் இருக்கும் கிளை மழை நாளில் எட்டு விநாடியில் பதில் சொல்லவில்லை என்றால், அது இருட்டறை. என் நிரல் இரண்டுக்கும் ஒரே நிறத்தைப் பூசியது.

காரணம் எளிது. டேட்டாபேஸில் அந்தப் பத்தியை பூலியனாக வைத்திருந்தோம். ஆம் அல்லது இல்லை. 'தெரியவில்லை' என்று எழுத இடமே இல்லை. தெரியாததை எழுத இடம் இல்லாத பதிவேட்டில், தெரியாதது எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் விழும். அது எப்போதும் தூரத்தில் இருப்பவனுக்கு எதிரான பக்கமாகவே விழுவதை நாம் கவனிப்பதில்லை.

5

ஜூலை அழைப்புக்குப் பிறகு நான் செய்த காரியம் இன்னும் மோசம். அதையும் சொல்லவேண்டும்.

இதற்குள் நிரல் நாற்பது விநாடியில் முடிகிறது என்று தெரிந்ததும், மணிக்கு ஒருமுறை ஏன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டலாமே என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை யாரும் சேமிக்கவில்லை. கேட்பது மலிவானதும் பன்னிரண்டு மடங்கு அதிகமாகக் கேட்டார்கள்.

வால்பாறை அடிக்கடி சிவப்பில் வருகிறது என்றதும் எனக்குத் தோன்றிய தீர்வு, மறுமுயற்சி. எட்டு விநாடியில் வரவில்லையா, விட்டுவிட்டு மறுபடி கேள். அப்போதும் வரவில்லையா, மூன்றாவது முறையும் கேள். அக்கறையாகச் செய்வதாகவே நினைத்தேன்.

ஒரு வாரத்தில் மறுபடி போன் வந்தது. "சார், இப்ப என்னாலயே உள்ள போக முடியலைங்க. லேப்டாப்ல லாகின் பண்ணுனா கனெக்சன் கெடைக்க மாட்டேங்குது."

பெட்டி அவர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவரால் நுழைய முடியவில்லை. காரணம் நான். அந்த ரவுட்டரில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் மட்டுமே லாகின் செய்யமுடியும். ஐந்து நாற்காலி என்று வையுங்கள். என் நிரல் எட்டு விநாடியில் பொறுமை இழந்து கத்தரித்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஆனால் அது போன செய்தி மழையில் தொலைந்து ரவுட்டருக்குப் போய்ச் சேருவதில்லை. அந்தப் பக்கம், வந்தவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துப் பத்து நிமிடம்வரை நாற்காலியைக் காலியாக்காமல் வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மூன்று முயற்சி, பத்து நிமிடத்தில் ஆறு. நாற்காலி ஐந்துதான். என் கேள்விகளின் ஆவிகள் எல்லா நாற்காலியையும் நிரப்பிவிட்டன. பெட்டியைச் சரிபார்க்க உண்மையிலேயே வந்து நின்ற ஒரே மனிதருக்கு இடமில்லை.

கேள்வி கேட்பது இலவசம் என்று கேட்பவனுக்குத்தான் தோன்றும். ஒவ்வொரு முறை கதவைத் தட்டும்போதும் அந்தச் சின்னப் பெட்டி, தன் எளிய ப்ராசசரை வைத்துச் சாவிப் பரிமாற்றக் கணக்கை முதலிலிருந்து போடுகிறது. நன்றாயிருப்பவனுக்கு அது பொருட்டில்லை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவனுக்கு நலம் விசாரிப்பே நோய் ஆகிவிடும்.

இணையத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே 400 கஜம் தூரம். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வழியில் 40 பிட் போனது. வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை. நெரிசலில் பதில் தாமதமானது. பதில் வராததால் ஒவ்வொரு கணினியும் செய்தி தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பியது. அதனால் நெரிசல் கூடியது. அதனால் பதில் இன்னும் தாமதமானது. எல்லாரும் நியாயமாக நடந்துகொண்டே எல்லாருமாகச் சேர்ந்து வழியை அடைத்தார்கள்.

வான் ஜேக்கப்சன் இதற்குக் கண்ட வழி 1988-இல் கட்டுரையாக வந்தது. இன்று நீங்கள் இந்தப் பக்கத்தைத் திறந்தபோதும் அதன் வாரிசுகள்தான் எங்கோ வேலை செய்திருக்கும். சாரம் இதுதான்: பதில் வரவில்லையா, உன் பேச்சைக் குறை. மறுபடி கேட்பதற்கு முன் முன்னைவிட அதிக நேரம் காத்திரு. அப்போதும் வரவில்லையா, அதைவிட இரண்டு மடங்கு. மௌனத்தைச் செய்தி தொலைந்த அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே. எதிரில் இருப்பவனுக்கோ வழிக்கோ பாரம் கூடிவிட்டதன் அறிகுறியாகவும் எடுத்துக்கொள்.

இதைப் படிக்கும்போது எனக்கு வாட்ஸப் ஞாபகம் வந்தது. கல்லூரி நண்பன் ஒருவன் மூன்று மாதம் பதில் போடவில்லை. முதலில் கேள்விக்குறி அனுப்பினேன். பிறகு இரண்டு கேள்விக்குறி. பிறகு "பெரிய ஆளாயிட்டப்பா". பிறகு மனத்துக்குள் சிவப்பு பூசி விட்டுவிட்டேன். அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் வராண்டாவில் படுத்துக் கிடந்தான் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரியும். "ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமேடா" என்றேன். "போடத் தெம்பில்ல மச்சான்" என்றான்.

கஷ்டம் என்றால் அவர்களே சொல்லட்டுமே என்கிற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சில நெட்வொர்க் பெட்டிகளில் 'டையிங் காஸ்ப்' என்று ஒரு வசதி உண்டு. கரண்ட் போகும் அந்தக் கணத்தில், உள்ளே கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தை வைத்து, 'நான் அணைகிறேன்' என்று ஒரு கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு அணையும். அதற்கும் கொஞ்சம் சேமிப்பு வேண்டும். சேமிப்பே இல்லாதவன் சத்தமில்லாமல்தான் அணைவான்.

6

ஆகஸ்டில் நிரலை மாற்றி எழுதினேன். முதலில் ஃபைபர் சாதனங்கள், ஆளுக்கு எட்டு விநாடி. விசாட் கிளைகளுக்குத் தனிக்குழு, முப்பது விநாடி, ஒரே நேரத்தில் நான்கு பேர்தான், அதுவும் மணிக்கு ஒருமுறை. பதில் வராவிட்டால் அடுத்த முயற்சிக்கு முன் இடைவெளி கூடிக்கொண்டே போகும். வெளியே வரும்போது நாற்காலியைக் காலிசெய்துவிட்டு வரவேண்டும். டேட்டாபேஸில் மூன்றாவதாக ஒரு நிலை, 'தெரியவில்லை'. அதன் பக்கத்திலேயே, 'கடைசியாகப் பேசிய நேரம்'. ஒரு கிளை தெரியவில்லை என்று தொடர்ந்து வந்தால்தான் டிக்கெட்.

மொத்தச் சுற்று நாற்பது விநாடியிலிருந்து மூன்று நிமிடத்துக்குப் பக்கமாக ஏறியது. யாராவது கேட்பார்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. நாற்பது விநாடி யாருக்குமே தேவைப்பட்டிருக்கவில்லை. கைதட்டலுக்காக நான் ஓடிய ஓட்டம் அது.

இத்தோடு கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். தவறு செய்தான், உணர்ந்தான், திருத்தினான். ஆனால் முடியவில்லை.

என் சிவப்புப் புள்ளிகள் டிக்கெட்டுக்கு மட்டும் போகவில்லை. மாதக் கடைசியில் அவற்றை எண்ணி, ஒவ்வொரு கிளையும் எத்தனை சதவீத நேரம் இயங்கியது என்று ஒரு எக்செல் தயாராகும். அது ஒரு வரம்புக்குக் கீழே போனால், அந்தக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையில் பிடித்தம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவருக்குப் பிடித்திருந்தார்கள். எனக்கு அது ஆகஸ்டு கடைசியில்தான் தெரியும், அதுவும் அவர் சொல்லி. கோபமாகச் சொல்லவில்லை. வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, "ரெண்டு மாசமா காசு கம்மியாத்தானுங்க வருது, மழைக்காலம்னா அப்படித்தானுங்களாம்" என்றார்.

நான் சொன்னது: "சிஸ்டம்ல ஒரு பிரச்சினை இருந்துச்சுண்ணா. சரி பண்ணியாச்சு."

சிஸ்டத்தில். பிரச்சினை இருந்தது. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. இரவு பதினொரு மணிக்கு எட்டு என்று தட்டிய விரல் இல்லை. எங்கள் தொழில் எங்களுக்குத் தந்திருக்கும் பெரிய வசதி இந்த வாக்கியம்தான். நிரலில் எழுதிவிட்டால் முடிவு நம்முடையதாக இருப்பது நின்றுபோய், இயற்கை நிகழ்வு மாதிரி ஆகிவிடுகிறது. மழை பெய்தது, சிஸ்டம் காட்டியது, காசு குறைந்தது.

மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "அண்ணா, அது சிஸ்டம் இல்ல. நான் எழுதுன புரோகிராம். நான்தான் எட்டு செகண்டுன்னு வெச்சேன். உங்க லிங்க்குக்கு அது பத்தாது. பொட்டி நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏதாவது பேசி நிரப்பவேண்டும் போல இருந்தது. பேசவில்லை.

"சரிங்க சார்" என்றார் கடைசியில். "சொன்னீங்கல்ல, அது போதுமுங்க. அந்த ரெண்டு மாசக் காசு வருமுங்களா?"

"தெரியலண்ணா. கேட்கறேன்."

கேட்டேன். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மெயில் போட்டேன், பழைய லாக் எல்லாவற்றையும் இணைத்து. பதில் இல்லை. ஒரு வாரம் விட்டு மறுபடி. பதில் இல்லை. பிறகு இரண்டு வாரம் விட்டு. இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது நல்ல பழக்கம் என்று நானே ஆகஸ்டில் கற்றுக்கொண்டதாயிற்றே.

இந்த இடத்தில்தான் என் பாடத்தை நானே தப்பாகப் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. காத்திருத்தல் என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் தரவேண்டிய தர்மம் இல்லை. எட்டு விநாடியை எல்லாருக்கும் பொதுவாக வைத்தது எப்படித் தவறோ, பொறுமையை எல்லாருக்கும் பொதுவாக வைப்பதும் அப்படியே தவறு. தூரத்தில் இருப்பவன், மழையில் இருப்பவன், நாற்காலி ஐந்தே உள்ளவன், தெம்பில்லாதவன், இவர்களுடைய மௌனத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது. ஆனால் அக்கவுண்ட்ஸ் பிரிவு என் மாடியிலேயே இருக்கிறது. என் இருக்கையிலிருந்து நாற்பது அடி. எங்கள் இரண்டு கணினிக்கும் இடையே ஒரு செய்தி போய்வர ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. அங்கே மழை பெய்வதில்லை. இருந்திருந்தால் கேட்டிருக்கும் என்ற நிபந்தனை அங்கே முழுமையாகப் பொருந்துகிறது. அந்த அறையில் வெளிச்சம் நன்றாகவே இருக்கிறது. அங்கே பானையைக் காணவில்லை என்றால், பானை இல்லை என்றுதான் பொருள்.

நான் மெயிலில் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒருவகையில் சௌகரியம்தான். எழுந்து நடந்து போய்க் கேட்டால், யார் எழுதிய நிரல் என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டி வரும். அடுத்த அப்ரைசலில் அது வரும். நாற்பது அடியை நான் 36,000 கிலோமீட்டராக்கி வைத்திருந்தேன்.

நேற்றுப் போனேன். அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது க்ளோஸ் பண்ணின மாசம் தம்பி, திறக்கணும்னா ரொம்ப மேலே போகணும்" என்றார். யாரிடம் என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். அவருடைய அறை இரண்டு மாடிக்கு மேலே. நாளைக் காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லாக் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரு தாளில், யார் எழுதிய நிரல், என்ன எண், எந்தத் தேதியிலிருந்து என்று எழிவாயோடு நான்கு வரி. எழுவாயாக என் பெயர்.